எல்லாருக்கும் ஒன்று

ஜூலை 7, 2025, திங்கள்

பதிவேட்டோடு என் பொறுப்பில் இருக்கும் கிளினிக் கம்ப்யூட்டரில் லினக்ஸைப் புதுப்பித்தேன். அதோடு மருந்தளவு நிரல் திறக்கவில்லை. குழந்தையின் எடையைப் போட்டால் ஊசி எத்தனை மில்லி என்று சொல்லும் நிரல் அது. ஆறு வருடமாக ஓடியது. எழுதியவர் யாரோ. சோர்ஸ் கோடைப் பொதுவில் விட்டுவிட்டு, இப்போது மெயிலுக்குப் பதிலே போடுவதில்லை. இனி அந்தக் கோடை நானே கம்பைல் செய்து, ஓடும் நிரலாக்கியாக வேண்டும். டாக்டரைக் கேட்காமல் ஏன் கை வைத்தேன்?

ஜூலை 8, செவ்வாய்

மலையில் நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது. ஆலங்காயத்தில் எங்கள் வீட்டுக்கு இறங்கிப்போய், நிரல் கேட்ட துணைக் கோப்புகளை, அதாவது லைப்ரரிகளை, எடுத்து வந்தேன். பதினாலு எரர் மதியத்துக்குள் ஒன்றானது. அந்த ஒன்று நகரவில்லை: எந்த வகை எண் தரும் என்று முன்கூட்டி அறிவிக்காத ஒரு கணக்கை நிரல் கூப்பிடுகிறதாம். பழைய கம்பைலர் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடும். புதியது நின்றுவிடுகிறது.

டாக்டர் ஜீவானந்தம் எட்டிப் பார்த்தார். "தூபா, நாளைக்கு ரெடியாயிடுமா?"

"ஆயிடும் சார்."

எரரை வெறும் எச்சரிக்கையாக்கும் ஒரு சொல்லை ஏதோ இணைய மன்றத்தில் பார்த்தேன். சேர்த்தேன். கம்பைல் ஆகிவிட்டது. எச்சரிக்கையைப் படிக்கவில்லை.

ஜூலை 9, புதன்

காலையில் அன்பரசி என்ற அம்மா காய்ச்சலோடு குழந்தையைத் தூக்கி வந்தார். பிறந்து இருபது நாள், மூன்று கிலோ. திரையில் 1 மில்லி. நர்ஸ் சரிதா அக்கா போட்டுவிட்டார். அடுத்து வந்த பையன் பதினாலு கிலோ. அவனுக்கும் 1.

"இன்னா தூபா இது? மூணு கிலோவுக்கும் ஒண்ணு, பதினாலு கிலோவுக்கும் ஒண்ணா?" என்றார் சரிதா அக்கா.

பாப்பாவுக்குப் போயிருக்க வேண்டியது 0.4. சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கக்கூடிய மருந்து. டாக்டர் உடனே ஆம்புலன்ஸில் வேலூருக்கு அனுப்பினார்.

சரிதா அக்கா அழுதார். "நான்தான் யோசிக்காமப் போட்டுட்டேன். பழக்கத்துல கை போயிடுச்சு."

நிரலை நேற்றுதான் மாற்றினேன் என்று நான் சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கணக்கு 0.4 மாதிரி புள்ளி எண் தருகிறது. அறிவிப்பு இல்லாததால் நிரல் அதை முழு எண் என்று நினைத்து வேறு இடத்தில் தேடுகிறது. அங்கே கிடப்பது எப்போதும் 1. கம்பைலர் சொன்னது இதைத்தான். நான் அதன் வாயை அடைத்தேன்.

கம்ப்யூட்டரை அணைத்து "பழுது" என்று எழுதி ஒட்டினேன். எதனால் என்று எழுதவில்லை. நான் சேர்த்த சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். அழித்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

சரிதா அக்கா சாப்பிடவில்லை.

ஜூலை 11, வெள்ளி

முடியவில்லை. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சரிதா அக்காவை வைத்துக்கொண்டே. டாக்டர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "சாப்ட்வேர நம்பி நானும் சரிபார்க்கல. அறிக்கை நான் எழுதுறேன். பாப்பாவோட அம்மாகிட்ட நீயே சொல்லு" என்றார். சரிதா அக்கா என்னைப் பார்க்காமல் எழுந்து போனார்.

ஒடுகத்தூர் வழியாக பஸ்ஸில் வேலூர். ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்பரசி. என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. எரர், கம்பைலர் — அதெல்லாம் எதற்கு? "என் தப்புங்க. உங்க பாப்பாவுக்கு மருந்து ரெண்டரை மடங்கு போயிடுச்சு" என்றேன்.

குழந்தை இருந்த அறைக் கதவைப் பார்த்தார். பிறகு, "புள்ளைக்கு காது கேக்காம போய்டுமா?"

"தெரியலைங்க."

"அப்ப இன்னாத்துக்கு இங்க நிக்கற? போ."

ஜூலை 12, சனி

பாப்பா காலையிலிருந்து இரண்டு தடவை சிறுநீர் கழித்தாளாம், சிறுநீரகம் வேலை செய்கிறது. டாக்டர் போனில் சொன்னார். உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 16, புதன்

திருத்தம் ஒரே வரி. அந்தக் கணக்கு என்ன தரும் என்று மேலே அறிவிப்பு. அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். இப்போது எச்சரிக்கை வந்தாலே கம்பைல் நின்றுவிடும். நாற்பது எடைகளுக்கு சரிதா அக்கா கையால் கணக்குப் போட்டார், நான் திரையைப் படித்தேன். நாற்பதும் சரி.

"இனிமே ஊசிக்கு முன்னாடி நான் கையில போட்டுப் பார்ப்பேன். உன் மெஷின் இன்னா சொன்னாலும்."

"பாருங்கக்கா."

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சரிதா அக்கா என்னோடு பேசியது இதுதான்.

ஜூலை 24, வியாழன்

இன்று பாப்பாவுக்குக் காது பரிசோதனை. போன் அடித்தபோது எடுக்கத் தைரியமில்லை. சரிதா அக்காதான் எடுத்தார். இரண்டு காதும் கேட்கிறதாம்.

ஆகஸ்ட் 6, புதன்

தடுப்பூசி நாள். அன்பரசி பாப்பாவோடு வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு பதிவேட்டைப் புரட்டினேன். நேராக என் மேஜைக்கு வந்தார்.

"செத்த நேரம் புடி. சீட்டு வாங்கிட்டு வர்றேன்."

பாப்பாவை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நாலு கிலோ இருப்பாள். அவர் திரும்பி வரும்வரை நான் அசையவில்லை.