என் வண்டிக்கு ஸ்டிக்கர் கிடையாது

ஆவணி 4, புதன்

காலையிலேயே சுள்ளென்று வெயில். மலை மேல் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. வண்டி வந்து சேர்ந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். எட்டு வருஷம் யாரோ ஒருவர் கொல்லையில் புளியமரத்தடியில் கிடந்த டிரெய்லர். ஒரு காலத்தில் பால் விற்ற வண்டியாம். சக்கரம் நன்றாக இருக்கிறது. உடம்பு முழுக்க வெறும் அலுமினியத் தகடு, பெயின்ட் கிடையாது. வெள்ளை வெள்ளையாகப் பூத்து, அங்கங்கே கறுத்து, போதாததற்குக் காக்கா எச்சம். தொட்டால் கையில் சாம்பல் மாதிரி ஒட்டுகிறது.

அடுத்த வியாழன் பௌர்ணமி. அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில், கிரிவலப் பாதையை ஒட்டி, என் கடை. சுக்கு காபி, கேழ்வரகு அடை. இதற்கு மூன்று வருஷம் பேசி, இரண்டு தடவை அழுது, ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்து சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

சாயங்காலம் பெரியவர் வந்தார். என் வீட்டுக்காரருடைய அண்ணன். (இனிமேல் பெ. முழுசாக எழுதினால் இங்க் வீண்.) வண்டியை ஒரு சுற்று வந்தார். சக்கரத்தைக் காலால் உதைத்தார்.

"கவலைய வுடும்மா வசந்தா. முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிடலாம். டிசைன் ரெடி."

செல்போனில் காட்டினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அவர் முகம். கும்பிட்டபடி. வார்டு எலெக்‌ஷனில் நிற்கப் போகிறாராம். மூலையில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு காபி டம்ளர்.

"தம்பிகிட்ட அப்பவே சொல்லிட்டேன். அவனும் சரின்னுட்டான்."

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இவர் ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார். ஏற்கெனவே துடைத்த ஆட்டோவை.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "ஸ்டிக்கர் வேணாம் மாமா. தேய்ச்சா கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்றேன்.

சிரித்தார். "இந்தத் தகரமா? பௌர்ணமிக்குள்ள மூஞ்சி தெரியற மாதிரி பண்ணிடு, நான் ஸ்டிக்கர் பேச்சே எடுக்கல. பண்ணலன்னா ஒட்டிடுவேன். சரியா?"

"சரி."

சொல்லிவிட்டேன். அலுமினியத்தை எப்படித் தேய்ப்பது என்று ஒரு எழவும் தெரியாது.

ஆவணி 5, வியாழன்

டவுனுக்குப் போனேன். எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடும் பாஷா பாய் பட்டறை. முதலில் வண்டியை யார் தேய்க்கப் போவது என்று கேட்டார். நான்தான் என்றேன். உட்காரச் சொன்னார். அப்புறம் சொன்னதெல்லாம் எழுதிக்கொண்டேன்:

– வாட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கிற உப்புத்தாள்) 400 நம்பர். தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்க்க. அப்புறம் 600, 800, 1000, 1500, 2000.
– ஒரு நம்பர் நெடுக்கில் என்றால் அடுத்தது குறுக்கில். முந்தின கோடு மறையாமல் அடுத்த தாளைத் தொடக் கூடாது.
– கை கிரைண்டரில் துணிச்சக்கரம் மாட்டி, பாலிஷ் கட்டி தடவி ஓட்டணும்.
– கறுப்பாக மசி ஏறும். மைதா தூவி, பழைய பனியன் துணியால் துடை.

"ஜாஸ்தி அழுத்தாதீங்கம்மா, சூடேறினா தகடு நெளிஞ்சிடும். அவசரப்பட்டீங்கன்னா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

சக்கரமும் கிரைண்டரும் இரவல் கொடுத்தார். மகராசன்.

ஆவணி 6, வெள்ளி

பின்பக்கம். 400, 600. காலை ஆறு மணியிலிருந்து. கறுப்புத் தண்ணீராக வழிகிறது, வாசல் பூரா. விரல் நுனியெல்லாம் தாளில் தேய்ந்து எரிகிறது. ரசத்தில் கை வைக்க முடியவில்லை.

பாதையில் போகிறவர்கள் கொடுத்த யோசனைகள், இன்று மட்டும்:

புளி போட்டுத் தேய்மா (மூன்று பேர்).
விபூதி (ஒரு சாமியார்).
பெயின்ட் அடிச்சிட்டுப் போயேன்.
ஆம்பள இல்லியா வீட்ல?

கடைசி ஆளுக்கு மட்டும் பதில் சொன்னேன். "இருக்காரு. அடை சுடறாரு, வேணுமா?" நிஜமாகவே இவர் அடுப்பில்தான் இருந்தார். தீய்ந்த வாசனை தெருவரைக்கும் வந்தது.

இவரிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. என்னைக் கேட்காமல் அண்ணனுக்குத் தலையாட்டினாரே, அது ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

ஆவணி 8, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. கை தூக்க முடியவில்லை.

இன்று மத்தியானம் பின்பக்கம் முடிந்தது. கிரைண்டர் ஓட்டி, மைதா தூவி, துணியால் ஒரு இழுப்பு. நான்! மூக்குத்தி தெரிகிறது. நெற்றியில் ஒட்டிய முடி தெரிகிறது. என் பின்னால் மலை, முழுசாக. சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிர்வீட்டு நாய் குரைத்தது.

ராணி அக்கா (பெ.யின் மனைவி, எனக்கு ஓர்ப்படி) கோயிலுக்குப் போகிற வழியில் நின்றாள். புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, ரொம்ப நேரம் வண்டியைப் பார்த்துவிட்டுப் போனாள்.

பாக்கி: நேற்று ஆரம்பித்த ரோட்டுப் பக்கம், இன்னும் பாதி. பெரியது. அதுதான் முக்கியம், அதில்தான் பெ. முகத்தை ஒட்டப் பார்க்கிறார்.

ஆவணி 9, திங்கள்

நாசம். நானே செய்த நாசம்.

ரோட்டுப் பக்கம் நேற்றே பாதி ஆகியிருந்தது. இன்று நாலு மணிக்கு முழுக்கப் பாலிஷ் ஏற்றியாயிற்று. மசியைத் துடைக்க வேண்டியதுதான் பாக்கி. மைதா தீர்ந்துவிட்டது. கடைக்குப் போக ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பொறுமை இல்லை எனக்கு. வாசற்படி ஓரம் கோலமாவு டப்பா. மாவுதானே என்று அள்ளித் தூவி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அழுத்தித் துடைத்தேன்.

அம்மா வீட்டில் கோலம் என்றால் அரிசி மாவு. இங்கே டப்பாவில் இருப்பது கல்லை அரைத்த பொடி. பத்து வருஷமாக அந்தப் பாக்கெட்டை வாங்குவதே நான்தான்! தினமும் விரலால் எடுத்துப் போடுகிறேன், நரநரவென்று இருக்கிறது, புத்தி எங்கே போயிற்று?

தகடு முழுக்கக் கீறல். ஆயிரம் கோடு. மேற்கு வெயில் பட்டதும் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. முகம் இல்லை, வெறும் வெள்ளைப் புகைச்சல்.

டப்பாவைத் தூக்கி எறிந்தேன். கொட்டின பொடியையும் நானே கூட்டினேன்.

ஆவணி 10, செவ்வாய்

பாஷா பாய்க்கு போன். "கல்லுப் பொடியா? அட அல்லா" என்றார். அப்புறம், "800லேர்ந்து மறுபடி வாங்கம்மா. வேற வழியில்ல."

இரண்டு நாள் இருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் போன தடவை மூன்று நாள் பிடித்தது.

இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கோச்சுக்காத. இந்த ஒரு பக்கம் மட்டும் ஸ்டிக்கர் ஒட்டிக்கட்டுமே. பின்னாடி நீ பண்ணது அப்படியே இருக்கட்டும். அண்ணனுக்கும் திருப்தி, ஒனக்கும் வேலை கம்மி."

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. "பின்பக்கத்த யாருங்க பாக்கப் போறாங்க? ஒங்க வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நான் பின்பக்கத்துலதான் நிக்கறேன். இந்த ஒண்ணு ரோட்டப் பாத்து நிக்கட்டும்" என்றேன். இவர் எழுந்து போய்விட்டார். போகட்டும்.

800. நெடுக்கில்.

பத்து மணிக்கு ராணி அக்கா. பழைய நைட்டி, தலையில் துண்டு. "பேப்பர் குடு" என்றாள்.

"மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டுமே."

இரண்டு பேரும் தேய்த்தோம். அக்கா தேய்க்கிற தினுசைப் பார்த்தால் வீட்டில் யாரையோ நினைத்துத் தேய்க்கிற மாதிரி இருந்தது. மத்தியானம் மோர் குடிக்கும்போது அவளாகவே சொன்னாள்: "எங்க வீட்டு கேட்டுல அவரு. பீரோல அவரு. ஃபிரிட்ஜ் மேலயும் ஒட்டி வச்சிருக்காரு வசந்தா. தண்ணி எடுக்கப் போனா கும்புட்டுக்கிட்டு நிக்கறாரு. இங்க ஒரு எடத்துலயாச்சும் என் மூஞ்சி தெரியட்டும்."

சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. நானும் நிறுத்திக்கொண்டேன்.

ஆவணி 11, புதன்

1000, 1500, 2000. மூன்று மணிக்கு மழை பிடித்தது. தார்ப்பாய் கட்டி அதற்கடியில் தேய்த்தோம். அக்காவுக்கு முட்டி வலி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஐந்து மணிக்குக் கிரைண்டர்.

மசியைத் துடைக்கலாம் என்று திரும்பினால் படியில் மைதா. இரண்டு கிலோ. இவர் வாங்கி வைத்துவிட்டு, ஆட்டோவில் போய் உட்கார்ந்திருந்தார். இவ்வளவு மைதாவுக்கு நான் பரோட்டாக் கடைதான் வைக்கணும்.

துடைத்தோம். இரண்டு முகம் தெரிந்தது, அக்காவும் நானும். கன்னமெல்லாம் கறுப்பு. அக்கா தன்னையே பார்த்துக்கொண்டு, "எனக்கு இவ்ளோ நரையா?" என்றாள். போகச் சொன்னாலும் போகவில்லை.

ஆவணி 12, வியாழன். பௌர்ணமி

வெயில், மழை விட்ட சுத்தமான வெயில். பத்து மணிக்கு வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன், சின்னதாக, ஒரே இடத்தில். பாதையில் இப்போதே கூட்டம். போகிறவர்கள் நின்று தலை வாரிக்கொண்டு போகிறார்கள். ஒரு அம்மா பொட்டைச் சரி செய்துகொண்டது. ராணி அக்கா காலையிலேயே வந்து அடைக்கு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு பெ. பைக்கில். பின்னால் ஸ்டிக்கர் ஒட்டுகிற ஆள், தோளில் நீளமான ரோல்.

பெ. வண்டி முன்னால் நின்றார். தன்னைப் பார்த்துக்கொண்டார். மீசையை நீவினார். "பரவாயில்லியே! சொன்னத செஞ்சிட்டியே. இந்தப் பளபளப்புல நம்ம போட்டோ இன்னும் எடுப்பா இருக்கும். ஒட்டுப்பா."

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். காதை நம்ப முடியவில்லை.

"மாமா, மூஞ்சி தெரிஞ்சா ஸ்டிக்கர் பேச்சே எடுக்கலன்னீங்க."

"அட, வெளையாட்டுக்கு சொன்னதும்மா. டிசைன் பிரின்ட் போட்டாச்சு. குடும்பத்துல இதெல்லாமா பாப்பாங்க?"

ஸ்டிக்கர் ஆள் ரோலைப் பிரித்தார். பெ.யின் ஒரு காது வெளியே வந்தது. நான் போய்த் தகட்டில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். சுட்டது. நகரவில்லை. "என் மேலதான் ஒட்டணும். ஒட்டுங்க" என்றேன். சத்தமாகத்தான். பாதையில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

ஸ்டிக்கர் ஆளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இவரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கண்ணே. ஒட்டட்டுமா வேணாமா?"

இவர் அண்ணனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்ன ஏம்ப்பா கேக்கற. வண்டி அவளுது."

சத்தம் கம்மிதான். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. ஸ்டிக்கர் ஆள் ரோலைச் சுருட்டினார்.

பெ. முகம் சிவந்து போயிற்று. கூட்டத்துக்கு முன்னால் கத்தவும் முடியவில்லை, ஓட்டுப் போடுகிற ஜனம். பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல், "ராணி, வா. ஏறு" என்றார்.

ராணி அக்கா முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க போங்க. எனக்கு இங்க வேலை இருக்குது."