சுழியனின் வலது தொடை

மச்சான்,

வெள்ளிக்கிழமை காலையில் தங்கச்சியின் மகன் வந்து, "மாமா, உங்கட குறியிரும்பத் தாங்களன், கண்டுகளுக்குக் குறி சுடணும்" என்று கேட்டான். "அது எப்பவோ துலைஞ்சு போச்சு" என்றேன். அவன் ஒரு கம்பியை வளைத்து, காய்ச்சிச் சுட்டான். மயிர் கருகிய நாற்றம் வீட்டு வளவு முழுக்க வந்தது. சோற்றில் கை வைத்தவன் அப்படியே எழும்பிவிட்டேன். இரும்பு தொலையவில்லை. மாட்டுக் கொட்டிலின் கூரையில் செருகிக் கிடக்கிறது.

பனிச்சங்கேணியில் நம்முடைய சுழியன் காளையை வாங்க ஆளில்லாமல் கட்டி வைத்திருந்தார்களே, ஞாபகமா? முதுகில் கெட்ட சுழி, வாங்குகிற வீடு விளங்காது என்றார்கள். நீ விட்டாயா? "சுழியா மச்சான் ஓடப்போகுது? கால்தானே ஓடும்" என்று கயிற்றைப் பிடித்துவிட்டாய். காத்தான்குடியில் உன் வீட்டில் மாடு கட்ட இடமில்லை. ஆரையம்பதியில் என் வளவில் நின்றான். "வைக்கல் உன்ட, குறி என்ட, மாடு நம்மட" என்று சொல்லி, உன் வாப்பாவின் பிறைக் குறியை அவனுடைய வலது தொடையில் வைத்தாய்.

என்ன ஓட்டம் அது! ஒற்றை மாட்டு வண்டிலில் அவனுக்கு ஈடான மாடு இந்தப் பக்கத்தில் இருக்கவில்லை. ஆனால் தேற்றாத்தீவு வண்டில் சவாரியில் கடையாணி கழன்றது. வண்டிலை விட்டு உருண்ட சில்லுத்தான் முதலாவதாக வந்தது. அடுத்த வருசம் ஹெலிகொப்டர் தாழப் பதிந்து வர, சுழியன் மிரண்டு நம் இருவரையும் வண்டிலோடு வாவிக்குள் கொண்டுபோய் இறக்கினான். கழுத்தளவு தண்ணீரில் நின்று நீ சிரித்தாய்: "கிறுக்கன், மீனோட சவாரி ஓடுறான் கா!" மூன்றாம் முறை அவன்தான் வென்றான். பாதி ஓட்டத்தில் வெடிச்சத்தம் கேட்டுச் சனமெல்லாம் ஓடிவிட்டது. அவன் எல்லையைத் தாண்டியதைக் கண்டது நீயும் நானும் மட்டும்தான்.

பிறகு தமிழர், முஸ்லிம் கலவரம் வந்து, உன் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவில் பாதை அடைபட்டது. ஒரு மைல் தூரம், ஆனால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. மீன்காரி ஒருத்தி மூலம் நீ சொல்லி அனுப்பினாய்: "அவன நல்லாப் பாரு. நான் வருவன்."

ஒருநாள் துவக்கோடு இரண்டு இயக்கப் பெடியன்மார் வேலியோரம் நின்று சுழியனைப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். பிறையைக் கண்டு உங்கள் ஆட்களின் மாடு என்று தெரிந்தால், அவனையும் விடமாட்டார்கள், என்னையும் விடமாட்டார்கள். தோணியில் ஏற்றி வாவிக்கு அப்பால் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கலாம். அந்த யோசனை வந்தது மச்சான், வராமல் இல்லை. ஆனால் கொண்டுபோகவில்லை, விடியும்வரை காத்திருந்தேன். எங்கள் வீட்டு வட்டக் குறியைக் காய்ச்சி உன் பிறையின் மேலேயே வைத்தேன். பழைய தழும்பு மறைய வேண்டுமென்று இரண்டு முறை அழுத்தினேன். நான்தானே என்று நம்பி அசையாமல் நின்றான், பாவி மாடு. புண்ணில் புழு வைத்தது. புண் ஆறியது, கால் விறைத்தது. அதன்பிறகு அவன் ஓடவில்லை. அந்தப் பெடியன்மார் திரும்பி வரவுமில்லை.

பாதை திறந்ததும் நீ ஓடி வந்தாய். கையில் புதுச் சலங்கை. "சித்திரைக்கு ஓடுவமா மச்சான்?" என்று கேட்டுக்கொண்டே வலது பக்கம் சுற்றிப் போனாய். உன் உள்ளங்கை அந்தத் தழும்பில் நின்றது. நான் வாய் கூசாமல் சொன்னேன்: "பெடியன்மார் வந்து என்ட இரும்ப வாங்கிச் சுட்டுப்போட்டாங்க. நான் என்ன செய்ய?"

வைக்கோல் போட நான் கிட்டப் போனேன். சுழியன் வலது காலை இழுத்துக்கொண்டு விலகினான். நீ தொட்டபோது விலகாதவன், என்னைக் கண்டதும் விலகினான். நீ மாட்டைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். மாடு வளர்த்தவனுக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"உசிரோட வெச்சிருக்காய். அது போதும் மச்சான்" என்றாய். ஓடாத மாட்டின் கழுத்தில் சலங்கையைக் கட்டினாய். என் வீட்டில் தேத்தண்ணி குடித்தாய். செத்தும் போனாய், அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டு என்னை ஏசியிருக்கலாம், இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

உன் மையத்துக்கு வந்தேன். உன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா எல்லாரிட்டயும் சொல்லுவார் மாமா, அந்தக் காலத்தில என்ட மாட்டக் காப்பாத்தினவன் அவன்தான் எண்டு" என்றான்.

நான் தலையாட்டினேன். உன் மையத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தலையாட்டினேன்.

இன்று கொட்டில் கூரையிலிருந்து அந்த இரும்பை எடுத்துத் துருவைத் துடைத்தேன். அதை உன் மகனின் கையில் கொடுக்கப் போகிறேன். போகும் வழியில் மனம் மாறக்கூடும், என்னை எனக்குத் தெரியும். அதனால் முதலில் உனக்குச் சொல்கிறேன்.

சுட்டது நான்தான், மச்சான்.