தங்கை நாற்காலியில் வளரும் ஸ்வெட்டர்

அன்பு மருமகளே,

செல்போனில் சொன்னால் சிரிப்பாய். செம்மறி ரோமம் வாங்கி அலசி, பீங்கான் உருண்டை மாட்டிய தக்ளியில் நானே நூல் நூற்றேன். விருத்தாசலமே வாய்பிளந்தது!

உன் அம்மா சாகும் முன் தொடங்கிய ஸ்வெட்டர், தோழிகள் கூடிப் பின்னும் துர்கா வீட்டில், அம்மா உட்காரும் நாற்காலியிலேயே இருக்கிறது. செத்தவர் பின்னலைத் தோழிகள் தொட மாட்டார்களாம். பக்கத்தில் என் நூல்கண்டை வைத்தேன். வாராவாரம் கண்டு இளைத்தது, ஸ்வெட்டர் வளர்ந்தது. துர்காவிடம் நானே பின்னுவதாக அளந்துவிட்டேன். எனக்கு ஊசி பிடிக்கவே தெரியாது.

உன் பிள்ளைக்கென்றுதான் நினைத்திருந்தோம். நேற்று துர்கா, "என்னண்ணே, ஒங்க மார் அளவுக்கு இருக்குதே!" என்று சிரித்தாள். போட்டுப் பார்த்தேன். கச்சிதம். தங்கைக்கு என்மேல் அவ்வளவு பாசம்.

ஒரு கைதான் பாக்கி. நூற்பதை நிறுத்திவிட்டேன், கண்டும் தீர்ந்துவிட்டது. இன்று பார்த்தால் அந்தக் கை முழங்கைவரை வந்திருக்கிறது.

கிறிஸ்மஸுக்கு வருவதாகச் சொன்னாயே, அதுவரை தள்ளாதே; அந்தக் கை முடியும் முன், இந்த ஞாயிறே வா.

உன் தாய்மாமன்