கருவிக்குத் தைத்த மழைச்சட்டை

அன்பு மனைவிக்கு,

கடல் தாண்டிக் கம்பி இழுக்கப் போன எங்கள் வீட்டு எலக்ட்ரீஷியன் நலமாக இருக்க வேண்டும். இங்கே நானும் தையல் மெஷினும் நலம். போனில் சொன்னால் நடுவிலேயே திட்ட ஆரம்பிப்பாய் என்றுதான் கடிதம் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

வீட்டுக்குப் பின்னால் கால்வாய்ப் பாலத்தின் அடியில் நீ மாட்டிவிட்டுப் போன கருவியில் கோளாறு என்று செவ்வாய்க்கிழமை சொன்னேன் அல்லவா? பொய். அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நம் இருவர் போனுக்கும் சொல்லிவிடுகிறது. உன் வேலையில்தான் பிசகு என்று நீ வருத்தப்பட்டதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்தது இதுதான். அது மழையில் நனைவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நனைந்தால் ஒன்றும் ஆகாது என்று நீ சொல்லியிருந்தாய்தான். ஆனால் தையல்காரன் கை சும்மா இருக்குமா? மழைத்துணியில் ஒரு சட்டை தைத்து மாட்டினேன். காலர் வைத்தேன், இரண்டு பொத்தானும் வைத்தேன். அடியிலும் நனையக் கூடாதென்று அதையும் மூடிவிட்டேன். அடியில் இருக்கும் கண்ணால்தான் அது தண்ணீரையே பார்க்கிறது என்பது மறந்தே போயிற்று. கண்ணெதிரே துணி ஒட்டியதும், வெள்ளம் பாலத்தைத் தொட்டுவிட்டதென்று உனக்குச் சொல்லிவிட்டது.

என் போன் துணிக்குவியலில் புதைந்து கிடந்தது. நீ போனில் கூப்பிட்டுச் சொன்னதும் பக்கத்து ரொட்டிக்கடைக்காரர் மாவுக் கையோடு ஓடி வந்தார். போன வருட வெள்ளத்தில் மெஷின் மூழ்கி நான் இரண்டு மாதம் வேலையில்லாமல் கிடந்தது அவருக்கும் தெரியும். இன்னொரு முறை மூழ்கினால் தொழிலையே தலைமுழுக வேண்டியதுதான். இருவரும் மூச்சு வாங்க மெஷினை மாடியில் ஏற்றினோம். அப்புறம்தான் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அண்ணே, தண்ணி எங்கண்ணே?" என்று கேட்டார். கால்வாயில் பாதிகூட இல்லை! சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

அன்றே சட்டையைக் கழற்றிவிட்டேன். மெஷினை இறக்கத்தான் சோம்பல். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். வெள்ளிக்கிழமை நிஜமாகவே தண்ணீர் வந்தது. கீழ் அறையில் முட்டியளவு. மெஷின் எப்படித் தப்பியது என்று நீ கேட்டாயே, இப்படித்தான்.

இனி அது மாடியில்தான், உன் ஜன்னலோரம். மாடிக்கு ஏற்றச் சொல்லி நீ எத்தனையோ முறை தலைபாடாக அடித்துக்கொண்டாய். கால் வலி, வாடிக்கையாளர் ஏற மாட்டார்கள் என்றெல்லாம் சாக்குச் சொன்னேன். உண்மை என்னவென்றால், நீ இல்லாத அறையில் பகல் முழுதும் உட்கார மனம் வரவில்லை. இப்போது பழகிவிட்டது. பாதி பழகிவிட்டது.

மிச்சத் துணியில் உனக்கு ஒரு மழைக்கோட்டு வெட்டினேன். அளவு பழையதுதான். உடம்பைத் தைத்துவிட்டேன், கைகளை மட்டும் தைக்காமல் குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. ஏணியில் பார்த்து ஏறு. நீ வந்து போட்டுப் பார்க்காமல் அந்தக் கைகளைத் தைக்க மாட்டேன்.

என்றும் உன்,
தையல்காரன்