ஊறாத கரி

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அத்தான் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் இங்கே தோட்ட வேலையில் ராஜா மாதிரி இருக்கிறேன். என்னைக் கேட்காமல் முதலாளியம்மா ஒரு இலையைக்கூடக் கிள்ளமாட்டார்.

போன மாதம் ஒரு சின்ன விஷயம். ரோஜாப் பாத்தி மண்ணில் கலக்க, முதலாளியம்மா பத்து மூட்டை அடுப்புக்கரி இறக்கினார். "இந்த வேலை தெரியுமா?" என்றார். "கரியிலேயே பிறந்து வளர்ந்தவன்மா நான்" என்று அடித்துவிட்டேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் இடித்துச் சலித்துப் போட்டேன். தண்ணீர் தெளித்துத்தான் இடிக்க வேண்டுமாம். அன்றைக்குக் கரித்தூள் அப்பிய என் முகத்தைப் பார்த்து, பழகிய நாயே குரைத்தது.

நானூறு ரோஜாச் செடி. சரி, நாற்பது. எல்லாம் மஞ்சளாகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தோட்டக்காரர் வந்து பார்த்தார்.

"சாணித் தண்ணியில ரெண்டு வாரம் ஊற வச்சீரா?"

"இல்லையே."

"அப்ப மண்ணுல இருக்குற சத்தையெல்லாம் கரியே குடிச்சிடும்யா. இனிமே மண்ணு தேற ஆறு மாசமாகும்."

அம்மா சிரிக்கவில்லை. "கரியில பிறந்தவரே, மாசக் கடைசிக்குள்ள செடி பச்சையாகணும். இல்லன்னா ஊருக்குக் கிளம்புங்க" என்றார். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

போன கடிதத்தில் கரியைப் பற்றி நான் பெரிதாக எழுதியதை நம்பி உன் கத்தரிப் பாத்தியில் அப்படியே கரி போட்டுவிடாதே. ஊறவைத்துப் போடு.

இருமல் லேசாக இருக்கிறது. மூக்கில் கட்ட ஒரு பருத்தித் துண்டு அனுப்பு. வேண்டாம், அனுப்பாதே, அங்கேயே வைத்திரு. என் கட்டில்மேல் சாமான் அடுக்கியிருந்தால் இறக்கிவை.

அவசரத்துடன்,
உன் தம்பி