கரடியரசனைக் கைவிட்டது ஏன்?

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நலம்தானே? அத்தான் கையில் கொஞ்சமாவது அசைவு வந்ததா? போன் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பதால் நீ "ம்", "சரி" தாண்டிப் பேசுவதில்லை. அதனால்தான் இந்தக் காகிதம்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். போன மாதம் ஒரு கூட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், என் முதல் நாவல் ஒரு மாயாஜாலக் கதை, பத்து அத்தியாயத்தோடு கைவிட்டேன் என்று உளறிவிட்டேன். பகலில் அரசன், பொழுது சாய்ந்தால் கரடி, விடிந்ததும் ராணியிடம் மன்னிப்புக் கேட்பான் என்று கதையையும் சொன்னேன். பிடித்துக்கொண்டார்கள். வாசகர்கள் கேட்க, நான் பதில் சொல்ல, பத்திரிகையில் நாலு பக்கமாம். எழுதி முடித்த பதினோரு நாவல்களைப் பற்றி ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை.

நீ ஆபீஸ் மெஷினில் டைப் அடித்த பிரதி உன் பீரோவில்தானே இருக்கிறது? பார்த்துச் சொல். ஒரு பள்ளி ஆசிரியை, சாபம் கொடுத்தது யார் என்கிறார். ஒரு பஸ் கண்டக்டர், ராணி ஏன் ஓடிப்போகவில்லை என்கிறார். ஒரு கல்லூரிப் பெண், அவளைக் காப்பாற்ற யாராவது வந்தார்களா என்கிறாள். எனக்கே மறந்துவிட்டது.

நான்காவது, ஏன் கைவிட்டீர்கள் என்பது. அதற்கு நீ தேவையில்லை. பதிப்பகத்தார் திருப்பி அனுப்பியபோது எழுதிய வரி மனப்பாடம்: "மாயம் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த வீட்டை எழுதுங்கள்." என்னை எழுத்தாளர் ஆக்கியதே அதுதான்.

உன்,
வாயாடி


மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

அவர் கை அப்படியேதான் இருக்கிறது. வலது பக்கம் முழுக்க மரம்.

பிரதியை எடுத்துப் பார்த்தேன். சாபம் யாரும் கொடுக்கவில்லை. அவன் பிறவியிலேயே கரடி, பகலில்தான் வேஷம் என்று எழுதியிருக்கிறாய். கோட்டைக்கு நாலு வாசல். ராணி ஓடாததற்கு நீ காரணம் எழுதவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் அவள் தங்கை கொக்கின் முதுகில் வந்து கூட்டிப் போகிறாள்.

நான்காவது கேள்விக்கு மட்டும் நீ நினைத்திருக்கும் பதிலை எழுதாதே. காரணம் கேட்காதே.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்கா,

கேட்காதே என்றால் கேட்காமல் இருக்கிற பிறவியா நான்? அந்த வரியைச் சொல்லாத மேடை இல்லை. புதிதாக எழுத வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் மருந்துச் சீட்டு மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதிப்பகத்தார் மறுப்பார் என்று பயமா? அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகிறது.

மாதக் கடைசிக்குள் பதில்களை அனுப்ப வேண்டும். சீக்கிரம் எழுது.

வாயாடி


மார்ச் 19

வாயாடிக்கு,

அந்த வரியை எழுதியது நான். நீ அனுப்பச் சொன்ன அத்தியாயங்களைப் பதிப்பகத்துக்கு நான் அனுப்பவே இல்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் அதே மெஷினில் அடித்து, இடது கையால் ஒரு கையெழுத்தும் கிறுக்கினேன். நீ நம்புவாய் என்று நினைக்கவில்லை.

அந்த நாவலை நீ எழுதிய வருஷம் ஒரு தடவை என் கையைப் பார்த்து என்ன என்று கேட்டாய். வழுக்கி விழுந்தேன் என்றேன். சரி என்றாய். ஆறு மாதம் கழித்து, நீ டைப் அடிக்கக் கொடுத்த தாளில் ராணியின் கையில் அதே இடத்தில் நாலு விரல் தடம். விடிந்ததும் அவர் என்னிடம் சொல்கிற வார்த்தைகளும் ஒன்று விடாமல் இருந்தன. பக்கத்து அறையில் படுத்திருந்தபோது கேட்டிருப்பாய். உனக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. தங்கை வருகிற அத்தியாயத்தை அடித்து முடித்த வாரம், நீ வருவதாகச் சொல்லியிருந்தாய். இரண்டு மாற்றுத் துணியும் சர்டிபிகேட்டும் ஒரு பையில் எடுத்து வைத்தேன். நீ வந்தாய். அவரோடு உட்கார்ந்து டீ குடித்தாய். என்னைப் பார்த்து, "டைப் முடிஞ்சுதாக்கா?" என்றாய். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டாய். மறுநாள்தான் அந்தக் கடிதத்தை அடித்தேன்.

பதினோரு வீடுகளை எழுதிவிட்டாய். எல்லாவற்றையும் வாங்கிப் படித்தேன். இந்த வீடு எதிலும் இல்லை. அவருக்கு மருந்து கொடுக்கும் நேரம், நிறுத்துகிறேன்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அழுகையும் இல்லை. பல் பிடுங்கிய பிறகு கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படி இருக்கிறேன். சாப்பிடுகிறேன், துணி மடித்து வைக்கிறேன், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். முடியவில்லை. தெரியும். அன்றைக்குப் பையையும் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் வைத்திருந்தாய். பார்த்த பிறகுதான் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன். என்னுடையதோ ஒற்றை அறை, அம்மா என்ன சொல்வாள், அத்தான் தேடி வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் ஓடியது. கதையில்தான் தங்கையை அனுப்பிவிட்டோமே என்றும் நினைத்தேன். அதை நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பதில்களை அனுப்பிவிட்டேன். ஏன் கைவிட்டீர்கள் என்பதற்கு, "ஒன்பதாம் அத்தியாயம் பொய்" என்று மட்டும் எழுதினேன். "இன்னும் ரெண்டு வரி சேர்த்துக் குடுங்களேன்" என்றார் பத்திரிகை ஆசிரியர். இல்லை என்றேன்.

இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வரட்டுமா?

உன் தங்கை


ஏப்ரல் 9

தங்கைக்கு,

பிரதியைத் தனியாகப் பார்சலில் போட்டிருக்கிறேன். எண்பத்தாறு பக்கம், சரிபார்த்துக்கொள். அது உன்னுடையது.

பையை நீ பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்திருந்தால் கூட்டிப் போயிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் இத்தனை வருஷமும் உன்னோடு பேசினேன், உன் புத்தகங்களைப் படித்தேன். பொய்க் கடிதம் எழுதியதற்கு வருத்தப்பட்டதும் அதனால்தான். இப்போது அந்த வருத்தம் இல்லை.

அவரால் ஒரு ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இந்த வீட்டுக்கு வர இப்போது யாருக்கும் தைரியம் தேவையில்லை. நீ வர வேண்டாம்.

அக்கா