டபுள் பெல் கிடைக்காத வண்டி

முட்டுவலித் தைலத்தின் வாசனை என் அறை முழுக்க நிற்கிறது. நேற்று உன் மனைவி தந்தது. கிளட்ச் மிதித்தே தேய்ந்துபோன என் இடது முட்டுக்காக அவளே காய்ச்சியது. தைலத்தில் குறையொன்றும் இல்லை. என்னைப் படுத்துவது அது இருக்கிற பாட்டில்தான். லேபிள் கிடையாது, ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் திட்டுத்திட்டாக இருக்கிறது. உனக்குத் தெரியாத பாட்டிலா? உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற மருந்துப் பாட்டில்களில் ஒன்றுதான். ஒவ்வொன்றையும் வெந்நீரில் ஊறப்போட்டு, பெயரைச் சுரண்டி எடுத்த பிறகுதான் அவள் உன் கண்ணில் காட்டுவாள்.

குடல்புண் என்று உன்னிடம் சொல்லியிருந்தாள். எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நம்ம பக்கத்தில் இது புதிதில்லை. புற்று என்றால் வீடு அறியும், தெரு அறியும், படுத்திருப்பவன் மட்டும் அறியக்கூடாது. அவளுக்கு ஒரு காரணமும் இருந்தது. பாலராமபுரத்தில் அவளுடைய அப்பாவிடம் டாக்டர் முகத்துக்கு நேரே நோயின் பெயரைச் சொன்னார். அன்றைக்குத் தறியை விட்டு எழுந்தவர் சுவரைப் பார்த்துப் படுத்தார், பிறகு கஞ்சியைத் தொடவே இல்லை. "அப்பாவச் சூக்கேடு கொல்லல்ல அண்ணா, பேருதான் கொன்னுது" என்றாள். நோயை அவள் சூக்கேடு என்றுதான் சொல்வாள். நானும் சத்தியம் செய்தேன்.

ஆஸ்பத்திரிக்கு உன்னை பஸ்ஸில் கூட்டிப்போக மாட்டாள். கார் பிடித்து, பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுபோவாள். முன்வாசலில் நோயின் பேரோடு பெயர்ப்பலகை இருக்கிறதாம். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் வரைக்கும் ஒவ்வொரு ஸ்டாப்பையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற கண்டக்டர் உன்னிடம் இந்த வித்தை. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஒரே வண்டியில் கிடந்தோம் நாம். நான் ஸ்டியரிங் பிடித்தேன், நீ டிக்கெட் கொடுத்தாய், கூடவே என் உயிரையும் எடுத்தாய். கூட்டம் குறைந்தால் போதும், என் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்று ஒரு கேள்வியைப் போடுவாய். திருடியவன் பசியில் திருடினால் பிடித்துக் கொடுக்கலாமா? வாக்குக் கொடுத்த பிறகு அது தப்பு என்று தெரிந்தால் என்ன செய்ய? ரோட்டைப் பார்க்க விடு என்று நான் கத்துவேன். பனச்சமூடு இறக்கத்தில் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்த மழைநாளில் மட்டும் நானே உன்னிடம் கேட்டேன். நான் பிரேக்கை மிதித்தேன். ஆடு பிழைத்தது. உள்ளே நின்றுகொண்டிருந்த ஒரு பெண் கம்பியில் மோதிப் பல் உடைந்தாள். டிப்போ சேர்ந்ததும், நான் செய்தது சரியா என்று கேட்டேன். நீ பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "எலே, ரெண்டுல எதச் செய்தாலும் ஒரு ரத்தம் உண்டு. உனக்குப் பழி இல்ல, பொறுப்பு உண்டு" என்றாய். மறுநாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு என்னோடு வரவும் செய்தாய்.

அந்த வார்த்தையை நான் ஏதோ கண்டக்டர் தத்துவம் என்று தள்ளிவிட்டேன். இப்போது அது என்னைத் தள்ளுகிறது.

நீ படுத்த பிறகு ஒரு மத்தியானம் உன் மனைவி மீன் வாங்க ஜங்ஷனுக்குப் போயிருந்தாள். வெளியில் வண்டிச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து நீ பேசினாய். "அந்த ஆஸ்பத்திரி ஸ்டாப்புல இறங்கிய சனத்துக்கு எத்தன வருசம் டிக்கெட் குடுத்தவன் நான். ஆள எழுப்பிவிட்டு இடம்பிடிச்சுக் குடுத்தவன். எனக்கு அந்த ஆஸ்பத்திரிக்க பின்வாசல் தெரியாதா?" என்றாய். என் முகம் போன போக்கைப் பார்த்து நீதான் என் கையைப் பிடித்துக்கொண்டாய். உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவன் நான்.

அவளிடம் சொல்லக்கூடாது என்றாய். உனக்குத் தெரியாது என்கிற நினைப்பில்தான் அவள் நிற்கிறாள், அதை எடுத்தால் விழுந்துவிடுவாள் என்றாய். இதுவும் ஏமாற்று இல்லையா என்று நான் கேட்டேன். வாழ்நாளெல்லாம் நீ என்னைக் கேட்டதற்கு, ஆட்டுக்குட்டிக்குப் பிறகு நான் திருப்பிக் கேட்டது அந்த ஒன்றுதான். நீ என் பக்கம் திரும்பப் பார்த்தாய், நான் பிடித்துத் திருப்பிவிட்டேன்.

"திரும்பிப் படுக்க எனக்கு ஆளு வேணும். எப்பம் தின்னணும், எப்பம் குளிக்கணும்னு வேற ஆளு சொல்லுது. இத அவகிட்ட சொல்லணுமா வேண்டாமாண்ணு தீருமானிக்கியது மட்டும் எனக்க கையில உண்டு. அதயும் எடுக்காத மக்கா."

வாக்குக் கொடுத்தேன். அவளிடம் கொடுத்த சத்தியம் ஒரு பக்கம், உன்னிடம் கொடுத்த வாக்கு மறுபக்கம், நடுவில் டீ குடித்துக்கொண்டு நான். புண் ஆறி வருகிறதாம் என்பாள் அவள். வலியே இல்லை என்பாய் நீ. ஓணத்துக்கு அவள் பிறந்த வீட்டுக்குப் போவோம் என்று ஒருநாள் அவளிடம் சொன்னாய். மரச்சீனிக் கிழங்கு அடுப்பில் கிடக்கிறது என்று எழுந்து போனவள் திரும்பி வர நேரமாயிற்று. அடுப்பில் ஒன்றும் கிடக்கவில்லை என்பது உனக்கும் தெரியும். நீ என்னைப் பார்த்துக் கண்ணை மட்டும் சிமிட்டினாய். உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

ஓணத்துக்கு முன்பே நீ போய்விட்டாய்.

நேற்று தைலத்தைக் கையில் தந்துவிட்டு அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். அழவில்லை. அவருக்குத் தெரியுமா என்று கேட்டாள். நான் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவளே தொடர்ந்தாள்.

"தெரியாமப் போனாருண்ணா, கடைசிவரை நான் அவர ஏமாத்தினேன். தெரிஞ்சு போனாருண்ணா, நாங்க ரெண்டுபேரும் ஒரு வார்த்த மனசுவிட்டுப் பேசாமப் பிரிஞ்சோம். ரெண்டும் எனக்கு வேதனதான் அண்ணா. எது வேதனண்ணு அறிஞ்சாப் போரும். நீங்க எப்பளும் அவருக்க பக்கத்துல இருந்தீங்க."

உன் மனைவி உன்னைவிட நல்ல கேள்வி கேட்கிறாள். மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை, அவளும் அண்ணாந்து பார்த்தாள்.

ராத்திரி முழுக்க உன்னோடு சண்டை. சொன்னால் உன் கையில் மிச்சமிருந்த ஒன்றையும் நான் பிடுங்கியவன் ஆவேன். சொல்லாவிட்டால் அவளுக்குச் சேரவேண்டிய உண்மையை மறித்து வைத்தவன். நீ உன் இஷ்டப்படி ஒன்றைத் தீர்மானித்துவிட்டுப் போனாய், என் வாயைக் கட்டிப்போட்டுவிட்டல்லவா போனாய்? பழி இல்லை, பொறுப்பு உண்டு என்றாயே. ஆட்டுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் எனக்குக் கண்ணிமைக்கும் நேரம்தான் இருந்தது. இதில் எனக்கு மிச்ச ஆயுசு முழுக்க நேரம் இருக்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

நம்ம வண்டியில் சட்டம் ஒன்றுதான். கண்டக்டர் டபுள் பெல் அடிக்காமல் டிரைவர் வண்டியை எடுக்கக்கூடாது, பின்னால் யார் எவ்வளவு ஹாரன் அடித்தாலும். ஒருநாளும் நான் அதை மீறியதில்லை. வாக்கு வாங்கியவன் நீ, அதிலிருந்து என்னை விடுவிக்க வேண்டியவனும் நீ. இனி அந்த மணிக்கயிற்றை இழுக்க ஆள் கிடையாது.

தைலம் தீர்ந்ததும் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள், மறுபடி நிறைத்துத் தருவாளாம். நான் கொஞ்சங்கொஞ்சமாகத்தான் தேய்க்கிறேன். முட்டு வலிக்கிறது.